மாமிக்குக் கண்ணூறு கழித்த சனிக்கிழமை

ஞானமணி தன் மிளகாய்ச் செடிகளை முறை வைத்துத்தான் கூப்பிடுவாள். கிணற்றடியில் நின்ற செடிகளில் ஒன்று விரல் நீளத்துக்குக் காய்க்கும். கடித்தால் வெள்ளரிப் பிஞ்சுபோல் நறுக்கென்று முறியும், நாக்கில் ஒன்றுமே செய்யாது. அதற்கு ‘இவர்’ என்று பெயர். புருஷனின் பெயரை வாயால் சொல்லும் வழக்கம் அவளுக்கு இல்லை. முதலில் இனிக்க இனிக்கக் கதைத்துவிட்டு, விழுங்கிய பிறகு தொண்டையில் நின்று வேலை காட்டும் வளைந்த மிளகாய் ‘மச்சாள்’. வேலியோரம் தனியாக, இடுப்பளவு உயரத்தில், குட்டைக் காய்களை வானத்தைப் பார்க்க நிமிர்த்திக்கொண்டு நின்ற கொச்சிச் செடிதான் ‘மாமி’.

மாமியின் காய் பிஞ்சில் ஊதா, பிறகு மஞ்சள், பழுத்தால் நல்ல இரத்தச் சிவப்பு. “பக்கத்தில போய் நிண்டாலே சுடும்,” என்பான் கதிராமன். அவன் துறைமுகத்தில், கப்பல் பழுது பார்க்கும் டொக்யாட்டில் தச்சு வேலைக்காரன். உறைப்புக்குப் பயந்தவன். பெண்டாட்டிக்கும் கொஞ்சம் பயந்தவன்.

காலையில் கிணற்றடிக்குப் போனால் ஞானமணி முதலில் முகம் கழுவ மாட்டாள். ஒரு காயைக் கிள்ளி, நுனியை முன்பல்லால் கடித்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். உதடு எரிந்தால் அது சிறு பிள்ளைச் சமாசாரம். காது சுட்டால் கறிக்கு ஆகும். மூக்கு ஓடினால் மீன் குழம்புக்கு ஆகும். விக்கல் வந்தால் அது மாமி. அவளுக்கு விக்கல் வரச் செய்கிற காய் வேறு எந்தச் செடியிலும் இருந்ததில்லை. ஒரு விக்கல் வந்ததும் கண்ணில் நீர் முட்ட, வாய் நிறையச் சிரிப்பாள். பகல் முழுவதும் அவளுக்கு அந்தச் சிரிப்புப் போதும்.

கிளிவெட்டியில் வயல்காரக் குடும்பத்தில் பிறந்தவள் அவள். கலியாணமாகித் திருகோணமலைக்கு வந்த முதல் கிழமை, இறால் குழம்பு வைத்து மாமியாருக்குப் போட்டாள். உண்மையான மாமியார், தங்கமுத்து. தங்கமுத்து ஒரு கவளம் உண்டார். ஒரு செம்புத் தண்ணீரை அப்படியே குடித்தார். பிறகு அமைதியாகக் கேட்டார்: “கிளிவெட்டியில மாட்டுப் புண்ணுக்குப் பூசுறதையோ பிள்ளை கறிக்குப் போடுறியள்?”

அன்றைக்கு ஞானமணி குசினிக்குள் போய் அழுதாள். அழுது முடித்ததும் அந்தக் கேள்வியை நினைத்து அவளுக்கே சிரிப்பு வந்தது. பிறகு தங்கமுத்து தம்பலகாமத்தில் இளைய மகனோடு போய் இருந்துகொண்டார். வரும்போதெல்லாம் ஒரு சொல் போட்டுவிட்டுத்தான் போவார். அந்தச் சொல்லும் ஞானமணிக்கு இரண்டு நாள் காதில் சுடும். செடிக்கு அந்தப் பெயர் வந்தது அப்படித்தான்.

செடி வந்தது யுத்தத்தால். நாற்பத்திரண்டாம் ஆண்டு பங்குனிக் கடைசியில், வருடப் பிறப்புக்கு மா இடித்துக்கொண்டிருந்த நாட்களில், துறைமுகத்தில் யப்பான்காரனின் குண்டு விழுந்தது. ஊரே கிளம்பியது. ஞானமணியும் கதிராமனும் தோணியில் மூதூருக்குப் போய், அங்கிருந்து மாட்டு வண்டியில் கிளிவெட்டிக்குப் போனார்கள். டொக்யாட் மறுபடி ஆள் கூப்பிட்டபோது திரும்பி வந்தார்கள். வளவில் ஆடுகள் மேய்ந்திருந்தன. நட்டு வைத்த மிளகாய் ஒன்று மிஞ்சவில்லை. ஆனால் பங்குக் கிணற்றின் தண்ணீர் ஓடும் இடத்தில், யாரும் நடாத ஒரு கன்று தானாக முளைத்து நின்றது. வேலிக்கு அந்தப் பக்கத்து றுக்கியாவும் அவள் புருஷன் தையல்கார ஸெய்னுதீனும் முன்பே திரும்பி வந்து, அந்தக் கிணற்றில் குளித்துக்கொண்டிருந்தார்கள். “நாங்க குளிச்ச தண்ணியில வளர்ந்த புள்ள இது. எங்களுக்கும் பங்கு இரிக்கி,” என்றாள் றுக்கியா.

பங்கு கேட்டது பகிடிக்கு. ஆனால் அடுத்த வருடம் அது பகிடியாக இருக்கவில்லை. இந்தியாவிலிருந்து வருகிற காய்ந்த செத்தல் மிளகாய் கடைகளில் அருகிப் போயிற்று. கூப்பன் அரிசிக்கு உறைப்பில்லாத கறி. அந்தக் குறுகலான ஒழுங்கையில் எல்லா வீட்டிலும் முகம் செத்துப் போயிருந்தது. அப்போதுதான் மாமி காய்க்கத் தொடங்கியது. ஒரு காய் போட்டால் ஒரு பானைக்குப் போதும். காம்பில் நூல் கட்டி, குழம்பு கொதிக்கும்போது இறக்கி, இரண்டு சுற்றுச் சுற்றி வெளியே எடுத்துவிட்டு, அதே காயை மறுநாளும் பாவித்த வீடுகள் உண்டு.

மிளகாயைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும். அது இந்து வீட்டிலும் இஸ்லாமியர் வீட்டிலும் ஒரே நம்பிக்கை. அதனால் கிளுவை வேலியில் ஒரு சிரட்டையைக் கட்டி வைத்திருந்தாள் ஞானமணி. அவள் காயை அதில் போடுவாள். றுக்கியா அதிலிருந்து எடுப்பாள். மற்ற வீட்டாரும் அப்படியே.

ஒரே ஒரு குறை. மாமிக்கு வாரிசு இல்லை. பழத்தில் விதை எடுத்துப் பாத்தி போட்டாள். முளைத்தன, காய்த்தன. கடித்துப் பார்த்தால் ஒன்று இவர், ஒன்று மச்சாள், மற்றதெல்லாம் வெறும் புல். மறுபடியும் போட்டாள். மறுபடியும் புல். “தாயைப் போல ஒண்டும் இல்லை,” என்று தலையில் கை வைத்தாள். அந்த ஒரு செடி போனால் அந்த உறைப்பும் போயிற்று.

அந்தச் செடிக்கு நேரே வந்து நின்றான் பாக்கியரத்தினம்.

அவன் ஒழுங்கைக்கு ஏ.ஆர்.பி. வார்டன், குண்டு விழும் நேரத்தில் சனத்தைக் காக்கிறவன். பகலில் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். படித்த பொடியன், மரியாதையானவன். தலையில் இரும்புத் தொப்பி, கழுத்தில் விசில், தோளில் ஒரு மரக் கிலுகிலுப்பை. விஷவாயு வந்தால் அதைச் சுற்ற வேண்டும். சுற்றினால் மழைக்காலத் தவளைகள் எல்லாம் ஒன்றாகக் கத்துவதுபோல் கறகறவென்று சத்தம் வரும். ஒத்திகைக்கு அவன் அதைச் சுற்றியபோதெல்லாம் ஒழுங்கையில் ஒருவரும் அசைந்ததில்லை. ஸெய்னுதீன் நேவிக்காரரின் நீளக்கால் களிசானைத் தைத்துக்கொண்டே இருப்பார். றுக்கியா அவனை ஐஸ் விற்கிறவனாக்கி, வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “தம்பி, ஐஸ்பழம் இரிக்கா?” என்று கேட்பாள்.

அன்றைக்கு அவன் கயிறும் மண் கிண்டும் அலவாங்கும் கொண்டு வந்திருந்தான்.

“அக்கா, நாலு வீட்டுக்கு ஒரு பதுங்கு குழி வெட்ட வேணும். மற்ற இடமெல்லாம் கல்லு. இஞ்சதான் மண் இளக்கமாக் கிடக்கு.”

“அது நான் கொத்திக் கொத்தி இளக்கினது தம்பி.”

“ஓம் அக்கா. அதாலதான் இஞ்ச.”

அவன் கயிறு பிடித்து அளந்தான். கயிறு மாமியின் அடித்தண்டில் போய் முட்டியது. கையில் இருந்த குழியின் வரைபடத்தைப் பார்த்தான். மறுபடி அளந்தான். மறுபடியும் மாமி.

“இந்தச் செடியைப் பிடுங்க வேணும் அக்கா.”

“அதை விட்டுட்டு என்னைப் பிடுங்கு.”

“சனிக்கிழமை பெரிய வார்டன் பார்க்க வாறார். படத்தில கிடக்கிற மாதிரிக் குறி போட்டிருக்க வேணும். ஞாயிற்றுக்கிழமை வெட்டத் தொடங்குவம்.”

“ஒரு முழம் அங்கால தள்ளி வெட்டினால் குண்டு கோவிக்குமோ?”

அவனுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கவில்லை. “என்னால மாத்த ஏலாது அக்கா. இது என்ர முதல் குழி,” என்றான். அவன் பயப்படுகிறான் என்று ஞானமணிக்கு விளங்கியது. அது விளங்கியதால் அவனைத் திட்டவும் முடியாமல் போயிற்று. நாலு ஆப்பை அடித்து, கயிற்றைக் கட்டிவிட்டுப் போனான். மாமி கயிற்றுக்கு உள்ளே நின்றது.

இரண்டாம் நாள் மாமியின் கொழுந்து இலைகள் சுருண்டன. மூன்றாம் நாள் பூக்கள் கொட்டின.

றுக்கியா வேலியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். “கண்ணூறு அக்கா. வேற ஒண்டுமில்ல. அந்தப் பொடியன் மேலயும் கீழயும் பார்த்துப் பார்த்து அளந்தானே.”

“அவன்ர கண் அப்பிடிப்பட்ட கண் இல்லை புள்ள.”

“நல்லவங்கட கண்ணும் படும். கழிச்சுப் போடுங்க.”

கண்ணூறு கழிக்கச் செத்தல் மிளகாய் வேண்டும். கடையில் ஏது? வீட்டில் இருந்ததெல்லாம் மாமியின் பழத்தையே காய வைத்து எடுத்த ஒரு பிடி. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஞானமணி யோசித்தாள். தாய்க்குப் பிடித்த கண்ணூறைப் பிள்ளைகளை எரித்துக் கழிக்கலாமா? இப்படி ஒருவரும் செய்ததாக அவள் கேள்விப்பட்டதில்லை. மிளகாய்ச் செடிக்குக் கண்ணூறு கழித்தவர்களையும் அவள் கேள்விப்பட்டதில்லை. கதிராமனைக் கேட்டாள்.

“மனுசருக்குச் செய்யுறதைச் செடிக்குச் செய்தால் என்ன? அது மாமிதானே,” என்றான் அவன். சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டான்.

சனிக்கிழமை பின்னேரம். இருட்டின பிறகு நெருப்புக் காட்டக் கூடாது என்பது யுத்தச் சட்டம். ஆகவே வெளிச்சம் இருக்கும்போதே சிரட்டைக் கரி போட்டு நெருப்புச் சட்டியைப் பற்ற வைத்தாள். உப்பு, ஒழுங்கை மண், வேப்பிலை, அந்த ஒரு பிடி பழம். எல்லாவற்றையும் கையில் பொத்திக்கொண்டு, செடியை மூன்று தரம் சுற்றி வந்தாள். “போனவன் கண், வந்தவள் கண், அளந்தவன் கண், எல்லாக் கண்ணும் இதோட போகட்டும்,” என்று சொல்லி, சட்டியில் கொட்டினாள்.

வழமையில் ஒரு விதி உண்டு. நெடி அடித்து இருமல் வந்தால் கண்ணூறு இல்லை. நெடியே வராவிட்டால் கண்ணூறு இருந்திருக்கிறது, இப்போது எரிந்து போயிற்று என்று பொருள். ஞானமணி மூக்கை நீட்டி மோந்தாள். ஒரு நெடியும் இல்லை. ஒரு தும்மல்கூட இல்லை.

“ஐயோ, எவ்வளவு கண்ணூறு!” என்று கையைத் தட்டினாள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இனி இலை விரியும்.

கச்சான் காற்று மேற்கிலிருந்து அடித்துக்கொண்டிருந்தது. அவள் சட்டிக்கு மேற்கே நின்றாள். ஒழுங்கை முழுவதும் கிழக்கே இருந்தது.

ஒழுங்கையில் அப்போது நடந்ததைப் பிறகு ஸெய்னுதீன் ஆள் ஆளாக நடித்துக் காட்டித்தான் ஞானமணி அறிந்தாள். பெரிய வார்டன் ஆனந்தராசா, பாரமான ஆள், முறுக்கு மீசைக்காரர், ஒழுங்கை வாசலில் நின்று பாக்கியரத்தினத்தைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாராம். “விஷவாயுவுக்கு என்ன அறிகுறி, சொல்லும் பார்ப்பம்.”

“கண் எரியும் ஐயா. தொண்டை அடைக்கும். மூச்சு முட்டும்...” என்று சொல்லிக்கொண்டு வந்த பாக்கியரத்தினம், பெரிய வார்டனின் கண்கள் சிவந்து நீர் வழிவதைப் பார்த்தானாம். அவர் தொண்டையைப் பிடித்துக்கொண்டு இருமினாராம். அடுத்த நொடி தன் தொண்டையும் அடைத்ததாம். அவ்வளவுதான். தோளில் கிடந்த கிலுகிலுப்பையை எடுத்து, உயிர் போகிற வேகத்தில் சுற்றத் தொடங்கினான்.

அதுவரை அசையாத ஒழுங்கை அசைந்தது. எல்லாருக்கும் இருமல். எல்லாருக்கும் கண்ணீர். ஸெய்னுதீன் தைத்துக்கொண்டிருந்த வெள்ளைக் களிசானைத் தண்ணீரில் தோய்த்துத் தலையில் மாட்டிக்கொண்டு, ஒரு காலுக்குள்ளால் பார்த்தபடி ஓடினார். றுக்கியா கோழிகளைக் கூடையோடு தூக்கிக்கொண்டு, “யா அல்லாஹ், உண்மையாத்தான் சுத்துறான்!” என்று கத்திக்கொண்டு ஓடினாள். வார்டன் சொல்லிக் கொடுத்தபடியே, காற்றுக்கு எதிர்ப்பக்கமாக, ஈரத் துணியோடு, மேட்டுக்கு. ஒத்திகையில் ஒரு நாளும் செய்யாததை எல்லாரும் ஒன்றுகூடப் பிசகாமல் செய்தார்கள்.

கிணற்றடியில் நின்ற ஞானமணிக்குக் கறகறச் சத்தம் கேட்டது. றுக்கியாவின் குரலும் கேட்டது. நிமிர்ந்து வானத்தைப் பார்த்தாள். பிளேன்களைத் தடுக்கத் துறைமுகத்துக்கு மேலே கட்டிவிட்ட பலூன்கள் அப்படியே அசையாமல் நின்றன. பிளேன் சத்தம் இல்லை. ஆனால் வாயு வருவதற்குச் சத்தம் எதற்கு? கண்ணூறு கழிந்த கையோடு இப்படியா வர வேண்டும்?

ஓடலாம். ஓடவில்லை. கிடந்த சாக்கை எடுத்துக் கிணற்றுத் தொட்டியில் முக்கினாள். ஈரச் சாக்கு வாயுவைத் தடுக்கும் என்று அந்தப் பொடியன்தான் சொல்லிக் கொடுத்தவன். சாக்கை விரித்து மாமியின் மேல் போட்டு, காற்று அள்ளிப் போகாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். தன் மூக்குக்குச் சேலைத் தலைப்பை இழுக்க அவளுக்குக் கை மிஞ்சவில்லை.

அப்படி நின்றபோதுதான் படலையைத் திறந்துகொண்டு இருவரும் வந்தார்கள். பெரிய வார்டனின் கண்கள் பழுத்த மாமியைப் போல இருந்தன. ஒருவரும் ஓடாத வளவு எது என்று தேடி வந்திருந்தார்கள். ஈரச் சாக்கைப் பிடித்தபடி ஒரு பெண். பக்கத்தில் புகைகிற சட்டி. பாக்கியரத்தினம் சட்டியைப் பார்த்தான். அவன் கையிலிருந்த கிலுகிலுப்பை கடைசியாக ஒரு ‘கறக்’ சொல்லிவிட்டு நின்றது.

“என்ன இது?” என்றார் பெரிய வார்டன்.

“மாமி ஐயா.”

“மாமியோ! சாக்குக்குள்ள உங்கட மாமியோ?”

“இல்லை ஐயா, கொச்சி. மாமிக்குக் கண்ணூறு கழிச்சனான். நெடியே வரேல்ல ஐயா. அவ்வளவு கண்ணூறு.”

“நெடி வரேல்லையோ?” அவர் மூக்கைத் துடைத்தார். “டொக்யாட் வாசல்வரைக்கும் போயிருக்கும் உங்கட நெடி! ஒரு கொச்சிக்காயோ எனக்கு இப்பிடிச் செய்தது? நான் நம்ப மாட்டன். காட்டுங்கோ பார்ப்பம்.”

அவர் கையை நீட்டினார். ஞானமணி சாக்கை விலக்கி, நன்றாகப் பழுத்த ஒன்றைக் கிள்ளினாள். அவருடைய கையைப் பார்த்தாள். சண்டை வரக் கூடாத நேரம் இது. வேலிச் சிரட்டையில் போட்டுவிட்டு விலகி நின்றாள். பெரிய வார்டன் ஒரு கணம் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, போய் எடுத்தார். “எங்கட வீட்டிலயும் அப்பிடித்தான்,” என்று முணுமுணுத்தார்.

“நுனியை மட்டும் ஐயா,” என்றாள் ஞானமணி.

அவர் பாதியைக் கடித்தார்.

முதலில் ஒன்றுமில்லை. “ம்,” என்றார், பரவாயில்லை என்பதுபோல. பிறகு மீசை மெல்ல எழும்பியது. காது சிவந்தது. நெற்றியில் வேர்வை பொட்டுப் பொட்டாகக் கிளம்பியது. வாயைத் திறந்தார், சொல் வரவில்லை. கடித்ததையும் மிஞ்சியதையும் கயிற்றுக்கு அப்பால் துப்பி எறிந்துவிட்டு, வாளியை எடுத்துக் கிணற்றுத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டார். பிறகு வந்தது ஒரு விக்கல்.

ஞானமணியால் அடக்க முடியவில்லை. சிரித்துவிட்டாள். வேலிக்கு அந்தப் பக்கம் திரும்பி வந்திருந்த றுக்கியா சிரித்தாள். ஸெய்னுதீன் களிசானுக்குள் இருந்து சிரித்தார். கடைசியில் பெரிய வார்டனும், விக்கலுக்கு நடுவே, வயிறு குலுங்கச் சிரித்தார். “இதைக் கொண்டுபோய் யப்பான்காரன்ர கப்பல்ல போட்டால்...” என்று தொடங்கினார். விக்கல் முடிக்க விடவில்லை.

மூச்சு வந்ததும் பாக்கியரத்தினத்தின் பக்கம் திரும்பினார். “ஒழுங்கை ஓடின ஓட்டம் பார்த்தனான். நகரத்தில ஒரு இடத்திலயும் இப்பிடி ஓடேல்ல. நல்ல பழக்கம் குடுத்திருக்கிறீர்.”

பாக்கியரத்தினம் நன்றி சொல்லியிருக்கலாம். அவன் நிலத்தைப் பார்த்தான், கயிற்றைப் பார்த்தான், ஈரச் சாக்குக்குள் நின்ற செடியைப் பார்த்தான்.

“நான் ஓட்டேல்ல ஐயா. இதுதான் ஓட்டினது,” என்றான். “குழியை ஒரு இடத்தில வளைச்சு முறிக்க வேணும்தானே. அந்த முறிப்பை இந்தப் பக்கம் கொண்டு வந்தால் செடி வெளியில நிக்கும். நீளம் குறையாது.”

“படத்தில அப்பிடியோ கிடக்கு?”

“படத்தில செடி இல்லை ஐயா.”

பெரிய வார்டன் யோசித்தார். இன்னொரு விக்கல் வந்தது. “வளைச்சு வெட்டும்,” என்றார்.

பாக்கியரத்தினமே குனிந்து ஆப்புகளைப் பிடுங்கி, மாமியைச் சுற்றி மறுபடி அடித்தான். ஞானமணி செடிப் பக்கம் குனிந்தாள். அவன் போகும்போது சிரட்டையில் மூன்று பழம் கிடந்தது. அவன் எடுத்துக்கொண்டு போனான்.

ஞாயிற்றுக்கிழமை குழி வெட்டினார்கள். தோண்டிய மண் வேலியோரம் மேடாகக் குவிந்தது. ஒரு கிழமைக்குள் மாமியின் இலைகள் விரிந்தன. கண்ணூறு போனது என்றாள் ஞானமணி. ஈரச் சாக்குத்தான் காரணம் என்றான் கதிராமன். இரண்டு பேரும் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குழிக்குள் பிறகு ஒழுங்கைப் பிள்ளைகள் பூனையும் வளர்த்தார்கள். எந்த வீட்டிலாவது தாளிக்கும் நெடி கிளம்பினால், “கறகறகற!” என்று எல்லாரும் வாயாலேயே சத்தம் வைத்தார்கள்.

மாரி முடிந்து தைப்பொங்கலுக்குத் தங்கமுத்து தம்பலகாமத்திலிருந்து வந்தார். படலையில் வைத்தே றுக்கியா பிடித்துக்கொண்டு, கதையைத் தலை முதல் கால் வரை சொல்லிவிட்டாள். ஞானமணி குசினிக்குள் நின்று கேட்டாள். செடிக்கு என்ன பெயர் என்பதையும் றுக்கியா விடவில்லை. ஞானமணி அடுப்பை விட்டுவிட்டுப் பின்பக்கமாக வெளியே வந்தாள்.

தங்கமுத்து நேரே கிணற்றடிக்குப் போனார். மாமியைப் பார்த்தார். பிறகு குழி மண் மேட்டைப் பார்த்தார். அங்கே முழங்காலளவு ஒரு கன்று, பெரிய வார்டன் துப்பிய விதையோ, மைனா போட்டதோ, யாருக்குத் தெரியும், முதல் காயைப் பழுக்க விட்டு நின்றது. அதுவும் புல்லாகத்தான் இருக்கும் என்று ஞானமணி அதைக் கடித்துக்கூடப் பார்க்கவில்லை.

தங்கமுத்து அந்த ஒரு பழத்தைக் கிள்ளி, இரண்டாக முறித்து, பாதியைக் கிணற்றுக் கட்டில் வைத்தார். “எடு. தம்பலகாமத்தில ஒரு வருசமாச் சப்பென்ட கறி. நாக்கு மரத்துப் போச்சு.”

மாமியாரும் மருமகளும் ஒன்றாகக் கடித்தார்கள். உதடு எரிந்தது. காது சுட்டது. மூக்கு ஓடியது. ஞானமணி மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

விக்கல் வந்தது. இருவருக்கும்.

“மாமி!” என்று கத்தினாள் ஞானமணி. எந்த மாமியைக் கூப்பிட்டாள் என்பது அவளுக்கே தெரியாது. கண்ணீரும் சிரிப்புமாகக் கன்றைக் கட்டிப் பிடிக்கப் போனவள், மிளகாய்க் கை என்று நினைவு வந்து நின்றாள்.

தங்கமுத்து முந்தானையால் கண்ணைத் துடைத்தார். “பழைய செடிக்கு மாமி எண்டு வைச்சிருக்கிறியாம்.”

ஞானமணி தலை குனிந்தாள்.

“மாமி எண்டால் ஊருக்கெல்லாம் மாமி இருக்கு. அது எந்த மாமி எண்டு ஆருக்குத் தெரியும்? இதுக்கு என்ர பேரை வை.”

“நான் எப்பிடி மாமி உங்கட பேரை...”

“சொல்லு. நான்தானே சொல்லச் சொல்லுறன். சத்தமாச் சொல்லு, வேலிக்கு அங்கால நிக்கிறவளுக்கும் கேக்கட்டும்.”

கலியாணமாகி வந்த நாள் தொட்டு ஒரு தரமும் சொல்லாத பெயர். ஞானமணி வாயைத் திறந்தாள். இன்னொரு விக்கல் குறுக்கே வந்தது. அது போகும்வரை தங்கமுத்து பொறுமையாகக் காத்திருந்தார்.